வீட்டை விட்டுப் பண்ணை வேலைக்கு வந்தவர்களுக்குக் குடியும் பால்வினை நோயும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

கேள்வி இது: "அமெரிக்கப் பண்ணைகளில் வேலை பார்க்கும் மெக்சிகோ, குவாத்தமாலா தொழிலாளர்களிடம் குடி, போதை, பால்வினை நோய் எல்லாம் அதிகம் என்று படித்தேன். வீட்டை விட்டு வந்தால் ஆண்கள் இப்படித்தான் கெட்டுப்போவார்களா? இதைச் சரிசெய்ய வழி உண்டா?"

"கெட்டுப்போவார்களா" என்ற சொல்லை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். தென் புளோரிடாவில் இம்மோக்கலி என்ற ஊரைச் சுற்றியுள்ள தக்காளிப் பண்ணைகளுக்குப் போகும் ஒரு நடமாடும் மருத்துவ வண்டியில் நான்கு பருவம் செவிலியராக இருந்தேன். அங்கே நான் பார்த்த ஆண்களில் பலர், ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் குடித்துப் பழகியவர்கள், கட்டியவளைத் தவிர வேறு யாரையும் தொடாதவர்கள். வந்து இரண்டு வருடத்தில் சிலருக்கு வெட்டை, சிலருக்குச் சிபிலிஸ், அதாவது நம் ஊரில் கிரந்தி என்பார்களே, அது. ஆள் அதே ஆள்தான். தூங்கும் இடம் மாறிவிட்டது, கூலி கைக்கு வரும் விதம் மாறிவிட்டது, சனிக்கிழமை சாயங்காலம் போவதற்கு என்று ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. நோய் அந்த வழியாகத்தான் வருகிறது.

அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இது புரியும். விடியற்காலை நாலு, நாலரைக்கு ஒரு கடை வாசலில் ஆட்கள் கூடுவார்கள். பழைய பள்ளிக்கூடப் பேருந்துகள் வேறு சாயம் பூசிக்கொண்டு வந்து நிற்கும். தக்காளி பறிப்பது வாளிக் கணக்கு. ஒரு வாளி 32 பவுண்டு, கிட்டத்தட்ட 14 கிலோவுக்கு மேல். நிரப்பி, தோளில் தூக்கி, மணலில் ஓடி, லாரியின் மேல் நிற்பவனிடம் எறிந்து, கணக்குக்கான ஒரு வில்லையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். நாளுக்கு நூறு வாளிக்கு மேல் பறித்தால்தான் கூலி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது தேறும். இரவு தூங்க, பழைய டிரெய்லர் வீடு. ஒருவருக்கு ஒரு மெத்தை அகலம், எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை. பக்கத்தில் கடை கிடையாது, பேருந்து கிடையாது, கார் ஓட்ட உரிமம் கிடையாது.

இந்த ஏற்பாடு தானாக அமைந்ததும் அல்ல. 1942 முதல் 1964 வரை அமெரிக்கா மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தது. பிராசெரோ என்று பெயர். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள், அத்தனையும் ஆண்களுக்கு. மனைவி, பிள்ளைகளுக்கு அதில் இடமே வைக்கவில்லை. இப்போது பருவகாலப் பண்ணை வேலைக்கென எச்-2ஏ என்ற விசா. அதில் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு அனுமதி போகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ ஆண்கள். தங்குமிடத்தை முதலாளியே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் விசாவும் அந்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவரோடு மனக்கசப்பு வந்தால் வேலை, வீடு, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றுக்கும் ஆபத்து வந்துவிடும். விசாவே இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் இன்னும் ஏராளம். அவர்கள் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் குடிக்கு வருகிறேன். இவர்கள் தினமும் குடிப்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "குடிகாரக் கூட்டம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்களே அதிகம், நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டுமே. கூலி கைக்கு வந்ததும் வார இறுதியில் ஒரே மூச்சில் பத்து, பன்னிரண்டு பியர். உடம்புக்கும் புத்திக்கும் மிக மோசமான குடி இதுதான். அப்புறம் வலி. முதுகு, தோள், முட்டி. வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை, சில இடங்களில் களைப்புத் தெரியாமல் வேலை செய்ய மெத்தாம்பெட்டமின் என்ற போதை மருந்து. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் அந்தச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறது. இன்பத்துக்காகப் போதை எடுப்பவர் வேறு, வேலை நேரத்தை இழுத்துப் பிடிக்க எடுப்பவர் வேறு. இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிப் பயனில்லை.

நடுவில் ஒரு ஆள் இருக்கிறான். ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர், ஆனால் தமிழில் நமக்கு அச்சாகப் பொருந்துகிற சொல் இருக்கிறது: கங்காணி. ஆள் பிடிப்பவன், வண்டியில் ஏற்றிச் செல்பவன், கூலியைப் பட்டுவாடா செய்பவன், பல இடங்களில் சாப்பாடும் பியரும் கடனுக்குக் கொடுப்பவனும் அவனே. புளோரிடாவில் பலாட்கா பக்கம் உருளைக்கிழங்குப் பண்ணைகளுக்கு ஆள் கொடுத்த ஒரு கங்காணிக்கு 2007ல் 30 ஆண்டு சிறை கிடைத்தது. வீடில்லாத, போதைப் பழக்கம் உள்ள கறுப்பின ஆண்களை நகரங்களில் தேடிப் பிடித்து முகாமுக்குக் கொண்டுவருவான். கிராக் கோக்கெய்ன், பியர், சிகரெட் எல்லாம் அவனிடமே கடனுக்குக் கிடைக்கும். சம்பள நாளில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, கடன்தான் ஏறியிருக்கும். ஆளைக் கட்டிப்போட அங்கே சங்கிலி தேவைப்படவில்லை. போதை ஒருவனின் பலவீனம் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்த முகாமில் அது ஆளை நிறுத்தி வைக்கும் கருவியாக இருந்தது.

சம்பள நாளில் இன்னொன்றும் முகாமுக்கு வரும். வேனில் பெண்கள். அல்லது ஆண்கள் கிளம்பி கன்டீனா எனப்படும் மதுக்கடைக்குப் போவார்கள். அங்கே வாடிக்கையாளர் ஒரு பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு பியருக்கும் அவளுக்கு ஒரு வில்லை. ராத்திரி முடிவில் வில்லையை எண்ணிக் காசு. ஆக, அவன் எவ்வளவு குடிக்கிறானோ, குடிக்க வைக்கிறானோ, அதில்தான் அவள் பிழைப்பு. இருவரும் நிதானத்தில் இல்லாத நேரத்தில் ஆணுறையைப் பற்றி யார் பேசுவது? பேசினாலும் கூடுதல் காசு கொடுத்தால் வேண்டாம் என்றாகிவிடும். அந்தப் பெண்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. 1990களின் பிற்பகுதியில், மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியிலிருந்து வீட்டு வேலை, ஓட்டல் வேலை என்று ஏமாற்றிக் கொண்டுவந்த இளம்பெண்களை, சிறுமிகள் உட்பட, புளோரிடாவிலும் கரோலினாவிலும் டிரெய்லர்களில் அடைத்து, பண்ணைத் தொழிலாளர்களுக்கு விற்ற ஒரு குடும்பம் பிடிபட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். 2000ல் அமெரிக்கா ஆள் கடத்தலுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்துக்கு அந்த வழக்கும் ஒரு தூண்டுதல். ஒரு முகாமில் தொடங்கிய கிருமி அடுத்த மாவட்டத்துக்குப் போக இதைவிட வேகமான வழி இருக்க முடியுமா?

ஊசி பற்றி ஒரு விஷயம். என்னைத் தூக்கிவாரிப் போட்டதும் இதுதான். ஒரு டிரெய்லரில் சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை, அதற்குள் ஒரு சிரிஞ்சு. ஹெராயின் என்றுதான் நினைத்தேன். வைட்டமின் ஊசியாம். "உடம்பு அசதிக்கு" என்றார் அங்கிருந்த பெரியவர். மெக்சிகோவில் மருந்துக் கடையிலேயே ஊசி வாங்கலாம், வீட்டில் கை பழகியவர் போட்டுவிடுவார். இங்கேயும் சில மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் வைட்டமின், பெனிசிலின் எல்லாம் கிடைக்கும். ஒரே ஊசியைச் சுடுதண்ணீரில் அலசி நாலு பேர் போட்டுக்கொள்கிறார்கள். பண்ணைத் தொழிலாளர்களிடையே இந்த வழக்கம் இருப்பதை 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் எச்ஐவி பற்றிய துண்டறிக்கைகள் "போதை ஊசியைப் பகிராதீர்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தன. போதையே தொடாத இந்தப் பெரியவர் அது தனக்கில்லை என்றுதானே நினைப்பார்? "ஊசி போட்டாத்தான் சரியாகும்" என்று நம்பும் ஊரிலிருந்து வந்த எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அன்று முதல் நான் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "போதை ஊசி உண்டா?" என்பதை விட்டுவிட்டு, "கடைசியாக உங்களுக்கு ஊசி போட்டது யார்?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

காரணத்தைத் தப்பான இடத்தில் தேடினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல் கிளேட் என்ற ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். புளோரிடாவில் ஒக்கிச்சோபி ஏரியின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. கரிய சேற்று மண், கரும்பும் குளிர்காலக் காய்கறியும். "மண்ணே இவ்வூரின் செல்வம்" என்பது ஊரின் முத்திரை வாசகம். 1980களில் கரும்பு வெட்ட மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10,000 ஆண்களை ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து இந்த ஏரிக்கரைப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். ஹைட்டிக்காரர்கள், அமெரிக்கக் கறுப்பினத்தவர், மெக்சிகோக்காரர்கள் எல்லாரும் நகர மையத்தில் இருந்த பழைய வாடகை விடுதிகளில் அறைக்கு அறை நெருங்கிக் கிடந்தார்கள்.

1985 வாக்கில் ஆள்தொகையோடு ஒப்பிட்டால் அமெரிக்காவிலேயே எய்ட்ஸ் மிக அதிகமாக இருந்தது இந்தச் சின்ன ஊரில்தான். நோயாளிகளில் பலர் ஓரினச் சேர்க்கையோ போதை ஊசியோ இல்லை என்று சொன்னார்கள். மயாமியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் கொசுவும் சுகாதாரக் கேடும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நாடே பதறியது. கொசு என்றால் யாரையும் கடிக்குமே! அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆட்களை அனுப்பி வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பார்த்தது. 877 பேர். கொசு பரப்பியிருந்தால் குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். 2 முதல் 10 வயதுவரை உள்ள பிள்ளைகளில் ஒருவரிடம்கூடக் கிருமி இல்லை, 60 தாண்டியவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கிருமி இருந்தது உழைக்கும் வயதில் உள்ளவர்களிடம். உடலுறவும் போதை ஊசியும்தான் பாதை என்று 1988ல் ஆய்வு முடிவு வெளியானது.

சரி, கொசு பொய். ஆனால் அந்த விடுதிகள்? ஆண்களாகவே இருக்கும் ஊர், பருவம் முடிந்ததும் வடக்கே கிளம்பும் பேருந்து, காசுக்கும் கிராக்குக்கும் உடலைக் கொடுக்க வேண்டிவந்த பெண்கள்? இவை பொய்யில்லையே. கொசு கிளம்பியதும் ஊரே பயந்தது, அது இல்லை என்றானதும் நிம்மதியாகிவிட்டது. "அவர்கள் பழக்கவழக்கம்" என்று கோப்பை மூடிவிட்டார்கள் என்பதே என் வருத்தம். பழக்கவழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை.

பெண் தொழிலாளர்களை இந்தப் பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பண்ணை வேலையில் கால்வாசிக்கும் மேல் பெண்கள். அவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் மேற்பார்வையாளன் வடிவில் வரும். எந்த வரிசையில் பறிப்பது, நாளைக்கு வேலை உண்டா என்பதை முடிவு செய்பவன் அவன். 2015ல் புளோரிடாவில் ஒரு காய்கறிப் பண்ணையின் பொட்டலமிடும் கூடத்தில் வேலை பார்த்த ஐந்து பெண்களுக்கு, பாலியல் வன்கொடுமைக்கும் தொல்லைக்கும் ஈடாக 1.74 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது நடுவர் குழு. வெளியே வந்தது அந்த ஐவர் கதை. மருத்துவ வண்டியில் நான் கேட்டவை எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் போய் "ஆணுறை பயன்படுத்தச் சொல்லுங்கள்" என்று சொல்வதைவிட அபத்தம் உண்டா?

ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் இன்னும் மறைவாக இருக்கிறார்கள். எட்டுப் பேர் தூங்கும் டிரெய்லரில் யாரிடம் சொல்வது? அவர்கள் எங்கள் வண்டிக்கு வந்தால் முதுகுவலி என்றுதான் வருவார்கள். எல்லாரும் போனபின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது அவசரப்படாமல் நாமும் நின்றால் பேச்சு வரும்.

இங்கே நம் கதையும் ஒன்று உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் கங்காணிகளின் கீழ் வேலை செய்த காலத்தில், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கூலி ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கும்படியான ஏற்பாடு. "தமிழனுக்குக் குடிப்புத்தி" என்று துரைமார்கள் சொல்லிக்கொண்டார்கள். 1941ல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு இருந்தது. கூடவே, கள்ளுக்கடைகளை மூடு, எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்து என்பவையும் இருந்தன. குடியையும், பெண்களுக்கு நேரும் கொடுமையையும், கூலியையும் அவர்கள் ஒரே தாளில் எழுதினார்கள். பொதுச் சுகாதாரப் படிப்பில் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்ததை, படிப்பறிவு இல்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த மக்கள் அப்போதே கண்டு சொல்லிவிட்டார்கள்.

சரி, வழி உண்டா? உண்டு. 1962ல் அமெரிக்க அதிபர் கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர் தொழிலாளர் சுகாதாரச் சட்டத்தால் உருவான மையங்கள் இன்றும் நடக்கின்றன. நான் இருந்த காலத்தில் விசா கேட்டதில்லை, வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம். ஆனால் பகல் எட்டு முதல் ஐந்துவரை திறந்திருக்கும் மருத்துவமனை ஒரு பண்ணைத் தொழிலாளிக்கு மூடியிருப்பதாகவே அர்த்தம். எங்கள் வண்டி ராத்திரி ஏழுக்குத்தான் கிளம்பும். குளித்துச் சாப்பிட்டு ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், இருபது நிமிடத்தில் எச்ஐவி முடிவு. சிபிலிஸ் ஆரம்ப நிலை என்றால் பென்சதின் பெனிசிலின் ஒரே ஊசியில் தீரும். "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பேச்சே கூடாது. அடுத்த வாரம் அவர் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் இருப்பார்.

எச்ஐவி வராமல் தடுக்க 2012லிருந்து தினசரி மாத்திரை இருக்கிறது. ஆனால் எட்டுப் பேர் பார்க்கும் அலமாரியில் அந்த டப்பாவை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? 2021ல் இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி வந்தது. 2025 ஜூனில் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நவம்பரில் புளோரிடாவில் ஒன்று, மே மாதம் கிளம்பும் முன் ஒன்று. ஊர் மாறி ஊர் போகிறவர்களுக்கு என்றே செய்தது போல இருக்கிறது. விலைதான் மலை. அதைக் குறைக்காமல் அது இவர்கள் கைக்கு வராது.

மருந்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது இரண்டு. ஒன்று, புரோமோட்டோரா என்று அழைக்கப்படும், அதே சமூகத்துப் பெண்கள். கையில் அட்டைப் படத்தோடு வந்து, சமையல் நடக்கும்போதே பேச்சுக் கொடுத்து, ஒருவர் முகத்தையும் வாட வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று இம்மோக்கலித் தொழிலாளர்கள் தாங்களே கட்டிய அமைப்பு. 1993ல் தொடங்கி, பெரிய கடைகளும் உணவகங்களும் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தர வேண்டும் என்று போராடி, 2011ல் நியாய உணவுத் திட்டம் என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சேர்ந்த பண்ணையில் பெண்ணிடம் அத்துமீறிய மேற்பார்வையாளன் வேலையை இழப்பான், திட்டத்தில் உள்ள வேறு பண்ணையிலும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அவனை எடுக்க முடியாது. பண்ணை கண்டும் காணாமல் விட்டால் கடைகள் அங்கே தக்காளி வாங்காது. நிழலும் குடிதண்ணீரும் வேலை நேரக் கணக்கும் இதோடு சேர்ந்தே வந்தன. இதைப் பால்வினை நோய்த் தடுப்பு என்று எந்த அறிக்கையும் எழுதாது. நான் அப்படித்தான் எழுதுவேன்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களில் கரும்பு வெட்டும் ஆட்களோடோ வெளிமாநிலத் தொழிலாளர்களோடோ பழகுகிறவர்கள் இருந்தால்: அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். கூடப் போய் விட்டுவிட்டு வந்தாலே பாதி பயம் போய்விடும்.

இதில் கடைசியாக மாட்டிக்கொள்வது ஊரில் இருக்கும் மனைவிதான். மெக்சிகோவின் கிராமங்களில் எச்ஐவி வந்த பல பெண்களுக்கு ஒரே ஆண்தான், அவள் கணவன், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்தவன். எங்களிடம் சிகிச்சை எடுத்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். சிபிலிஸ். ஊசி போட்டாயிற்று, மனைவிக்கும் பரிசோதனை வேண்டும் என்று சொன்னோம். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கச் சொல்லி என்னைக் கேட்டுவிட்டு, கைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார். எனக்கு அந்த மொழி பாதிதான் புரியும். முதலில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், அப்புறம் மழையைப் பற்றி. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஊர்ச் சுகாதார நிலையத்தின் பெயரைச் சொல்லி, எந்தப் பரிசோதனை என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டை எழுத்துக் கூட்டி, மெதுவாக, இரண்டு முறை வாசித்தார்.